வேலை ஏன் போனது என்று யார் நிரூபிப்பது?

வேலை செய்யும் இடத்தில் நடக்கும் முறைகேட்டைப் புகார் செய்பவருக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்றால் எல்லோரும் தலையாட்டுவார்கள். மேடையில் பேசும்போது முதலாளிகளே அப்படித்தான் சொல்கிறார்கள். ஆனால் இந்த மாதிரி ஒரு சட்டம் கையில் கிடைத்தால் நான் முதலில் தேடுவது ஒரே ஒரு விஷயத்தைத்தான். புகார் கொடுத்தவரின் வேலை போய்விட்டது; அது ஏன் போனது என்று நிரூபிக்க வேண்டியது யார், அவரா, நிறுவனமா? அந்தச் சட்டம் ஊழியரைக் காப்பாற்றுமா கைவிடுமா என்பது பெரும்பாலும் அங்கேயே முடிவாகிவிடுகிறது.

"நீ புகார் கொடுத்தாய், அதனால் நீக்குகிறோம்" என்று எந்த நிறுவனமும் எழுதிக் கொடுக்காது.

என் தோழி ஒருவர் ஒரு நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருந்தார். ஒரே வேலைக்கு இரண்டு பில் வந்திருப்பதைக் கவனித்தார். பில் எண்ணின் கடைசியில் ஓர் எழுத்து மட்டும் கூடுதல், தொகை அதேதான், இரண்டுக்கும் பணம் போயிருக்கிறது. மேனேஜருக்கு மெயில் போட்டார். பதில் இல்லை. சில நாளில் வாராந்திர மீட்டிங் அழைப்பிலிருந்து அவர் பெயர் காணாமல் போனது. அப்புறம் பில்களைத் திறந்து பார்க்கும் அனுமதியை எடுத்துவிட்டார்கள். அதுவரை அப்ரைசலில் நல்ல பெயர் வாங்கியவருக்கு அந்த வருடம் 'குழுவோடு ஒத்துப்போவதில்லை' என்று எழுதினார்கள். தாமதமாக வந்ததற்கு ஒரு மெமோ. கடைசியில் 'மறுசீரமைப்பு' என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஒவ்வொரு தாளையும் தனியாக எடுத்துப் பார்த்தால் குறை சொல்ல ஒன்றுமே இல்லை. தேதி வரிசையில் அடுக்கினால்தான் நடந்தது என்னவென்று புரியும்.

புகார்தான் காரணம் என்று அவரே நிரூபிக்க வேண்டும் என்றால், எதை வைத்து நிரூபிப்பார்? மேலதிகாரிகள் தங்களுக்குள் அனுப்பிக்கொண்ட மெயில்கள் நிறுவனத்திடம் இருக்கின்றன. அப்ரைசல் கோப்பும் அங்கேதான். சாட்சி சொல்லக்கூடியவர்கள் இன்னும் அங்கேயே சம்பளம் வாங்கிக் குடும்பம் நடத்துகிறவர்கள், அவர்களைக் குற்றம் சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. ஆதாரம் முழுக்க ஒரு பக்கம், நிரூபிக்கும் பொறுப்பு முழுக்க மறுபக்கம். இது எந்த ஊர் நியாயம்?

புகார் செய்பவர்களைக் காக்க ஐரோப்பிய ஒன்றியம் 2019-ல் கொண்டுவந்த விதிகளை நான் மதிப்பது இதனால்தான். முறைகேட்டைச் சொன்னேன், அதற்குப் பிறகு எனக்குப் பாதிப்பு வந்தது என்று ஊழியர் காட்டினால், அந்தப் பாதிப்பு பழிவாங்கலாகவே கருதப்படும். இல்லை, வேறு தக்க காரணம் இருந்தது என்றால் அதை நிறுவனம்தான் நிரூபிக்க வேண்டும். அமெரிக்காவில் என்ரான் என்ற எரிசக்தி நிறுவனத்தின் கணக்கு மோசடிக்குப் பிறகு 2002-ல் வந்த சார்பேன்ஸ்-ஆக்ஸ்லி சட்டமும் கிட்டத்தட்ட இதே வழிதான். வேலை போனதில் புகாருக்கும் ஒரு பங்கு இருந்தது என்று ஊழியர் காட்டினால் போதும். புகாரே வந்திருக்காவிட்டாலும் இதையேதான் செய்திருப்போம் என்று நிறுவனம் தெளிவான ஆதாரத்தோடு காட்டியாக வேண்டும். ட்ரெவர் மரே என்பவர் தான் வேலை பார்த்த யுபிஎஸ் என்ற நிதி நிறுவனத்தின் மீது தொடுத்த வழக்கில், 2024 பிப்ரவரியில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஒருமனதாக இதை இன்னும் தெளிவாக்கியது: பழிவாங்கும் எண்ணம் இருந்தது என்று ஊழியர் நிரூபிக்கத் தேவையில்லை. மேலதிகாரியின் மனதுக்குள் புகுந்து பார்த்து யாரால் சாட்சி கொண்டுவர முடியும்?

இதற்கு எதிராகச் சொல்லப்படும் வாதத்தையும் கேட்டிருக்கிறேன். சரியாக வேலை செய்யாதவர்கள் ஒரு புகாரைப் போட்டுவிட்டு அதன் பின்னால் ஒளிந்துகொள்வார்கள் என்பார்கள். அப்படிச் செய்பவர்கள் இருக்கலாம். ஆனால் ஒருவர் உண்மையிலேயே மோசமாக வேலை செய்தால், புகாருக்கு முன்பே அது எங்காவது பதிவாகியிருக்கும். அந்தப் பதிவு நிறுவனத்தின் கையில்தான் இருக்கிறது, எடுத்துக் காட்டட்டும். புகார் வந்த பிறகுதான் குறைகள் கண்ணில் பட ஆரம்பித்தன என்றால், அதை நீதிமன்றம் சந்தேகப்படத்தான் வேண்டும்.

இந்தியாவின் கதை வேறு மாதிரி வேதனை. தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் பொறியாளர் சத்யேந்திர துபே, தங்க நாற்கரச் சாலைப் பணியில் நடந்த முறைகேடுகளைப் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதினார். பெயரை ரகசியமாக வைக்கச் சொல்லியிருந்தார். வைக்கவில்லை. 2003 நவம்பரில் கயாவில் சுட்டுக் கொல்லப்பட்டார். நாடே கொதித்தது. அதற்கு இத்தனை வருடம் கழித்து 2014-ல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் நிறைவேற்றியது. அதில் தனியார் துறை ஊழியர்களுக்கு இடமில்லை, அது பெரிய குறை. ஆனால் பழிவாங்கவில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பை அரசு அமைப்பின் மீதே வைத்த பிரிவு அதில் இருக்கிறது. இருந்து என்ன பயன்? குடியரசுத் தலைவர் ஒப்புதல் கிடைத்த பிறகும் அந்தச் சட்டம் நடைமுறைக்கே கொண்டுவரப்படவில்லை. எழுதிய நல்ல பிரிவு எழுத்தாகவே கிடக்கிறது.

நல்ல சட்டங்களிலும் ஓட்டை உண்டு. நிதித் துறையை ஒழுங்குபடுத்தும் அமெரிக்காவின் டாட்-ஃப்ராங்க் சட்டத்தில், பங்குச் சந்தை ஆணையத்திடம் நேராகப் போனவருக்குத்தான் பழிவாங்கலிலிருந்து பாதுகாப்பு. தன் நிறுவனத்துக்குள் மட்டும் சொன்னவருக்கு இல்லை என்று 2018-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நிறுவனத்தின் மேல் நம்பிக்கை வைத்து முதலில் மேனேஜரிடம் போய்ச் சொல்பவர்தான் பெரும்பாலான இடங்களில் இருக்கிறார். என் தோழியும் அப்படித்தான் சொன்னார். அவரைச் சட்டம் வெளியே நிறுத்துவது எனக்குப் பொறுக்கவில்லை.

அப்புறம் கெடு. சார்பேன்ஸ்-ஆக்ஸ்லியில் புகார் மனு போட 180 நாள். பிரிட்டனில் ஓர் அருமையான ஏற்பாடு இருக்கிறது: வழக்கில் ஜெயிக்க நல்ல வாய்ப்பு இருப்பதாகத் தீர்ப்பாயத்துக்குத் தோன்றினால், வழக்கு முடியும் வரை சம்பளம் தொடர இடைக்கால உத்தரவு போடலாம். நீண்ட வழக்கில் நிறுவனம் காத்திருக்கும், வாடகை கட்ட வேண்டியவரால் முடியாது. அதனால் எல்லா நாட்டுச் சட்டத்திலும் இது வேண்டும் என்பேன். ஆனால் அதற்கு விண்ணப்பிக்க, வேலை முடிந்த நாளிலிருந்து ஏழே நாள்தான் அவகாசம். வேலை போன முதல் வாரத்தில் ஒருவர் வீட்டில் விஷயத்தைச் சொல்லவே தடுமாறிக்கொண்டிருப்பார். அந்த ஏழு நாளை ஒரு மாதமாகவாவது ஆக்க வேண்டும்.