பழைய பாஸ்போர்ட் செல்லாதா? சிப் நம்மை வேவு பார்க்கிறதா?

"அட்டையில் தங்க நிறச் சின்னம் இல்லாத இந்திய பாஸ்போர்ட் இனி செல்லாது, உடனே மாற்றுங்கள். புதியதில் உள்ள சிப், போகுமிடமெல்லாம் உங்களைக் கண்காணிக்கும்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. இரண்டுமே தவறு.

சிப் பொருத்திய இந்தப் புதிய பாஸ்போர்ட்டின் பெயர் இ-பாஸ்போர்ட். இது சோதனை முறையில் 2024 ஏப்ரல் 1 அன்று தொடங்கியது. சென்னை மண்டல பாஸ்போர்ட் அலுவலகம் 2025 மார்ச் 3 முதல் வழங்குகிறது. கையில் இருக்கும் பாஸ்போர்ட், அதில் அச்சிட்ட காலாவதி தேதி வரை செல்லும். இப்போதே மாற்ற வேண்டிய கட்டாயமில்லை என்று வெளியுறவு அமைச்சகமே சொல்லிவிட்டது. அடுத்த முறை புதுப்பிக்கும்போது மாற்றிக்கொள்ளலாம்.

சிப் விஷயத்துக்கு வருவோம். முன் அட்டையின் கீழ்ப்பகுதியில் உள்ள அந்தச் சின்னம், உள்ளே சிப்பும் மெல்லிய ஆன்டெனாவும் இருப்பதற்கான அடையாளம், அவ்வளவுதான். சிப்புக்கு பேட்டரி கிடையாது. விமான நிலையத்தில் ரீடர் கருவியைச் சில சென்டிமீட்டர் நெருக்கத்தில் காட்டினால்தான், அதன் மின்காந்த அலையில் உயிர் பெற்றுப் பேசும். ஜிபிஎஸ்ஸும் இல்லை, சிம்மும் இல்லை. பிறகு எப்படிக் கண்காணிக்கும்? அதில் இருப்பவை உங்கள் விவரங்களும் பயோமெட்ரிக் தகவலும். யாராவது திருத்தினால், அரசின் டிஜிட்டல் கையொப்பம் காட்டிக்கொடுத்துவிடும். போலிகளைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு.

2016-இல் இரண்டாயிரம் ரூபாய் நோட்டில் இருப்பதாக வதந்தி கிளம்பிய அதே 'ஜிபிஎஸ் சிப்'தான் இப்போது பாஸ்போர்ட்டுக்குக் குடிமாறியிருக்கிறது போலும்.