பாயின்ட் கார்டை ஸ்கோர் போர்டில் தேடாதீர்கள்

நேற்று முழுக்கச் சுற்றிய அந்தப் பட்டியலை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஸ்பெயின் பெண்கள் கூடைப்பந்தின் தலைசிறந்த ஐவராம். அந்த அணியின் பாயின்ட் கார்டாக, அதாவது பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்துபவராக, இருந்த லாயா பலாவ் பெயரைக் காணோம். ஏன் என்று கேட்டவருக்குக் கிடைத்த பதில்: "ஸ்கோரே பண்ணாதவரை எப்படிச் சேர்ப்பது?"

ரொம்ப சரி. நட்டுவனார் மேடையில் ஆடவே இல்லை, அவருக்கு எதற்கு மாலை என்று கேட்ட மாதிரிதான்.

ஸ்பெயின் அணிக்காக பலாவ் ஆடியது 314 ஆட்டங்கள். ஆண்களையும் சேர்த்துப் பார்த்தாலும் அவர் ஓய்வு பெற்றபோது அந்த நாட்டில் யாரும் அவ்வளவு ஆடியிருக்கவில்லை. 12 பதக்கங்கள். 2003 ஐரோப்பிய வெண்கலத்தில் ஆரம்பித்து, 2016 ரியோ ஒலிம்பிக் வெள்ளியைத் தாண்டி, 2019 ஐரோப்பியத் தங்கம் வரை. இதெல்லாம் பெஞ்சில் உட்கார்ந்து சேர்த்ததா?

ஐரோப்பியத் தங்கங்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 2013இல் தொடரின் சிறந்த வீராங்கனை சான்சோ லிட்டில். 2017இல் ஆல்பா டோரன்ஸ். 2019இல் அஸ்து என்டூர். மூன்று தொடர், மூன்று நாயகிகள். மூன்றிலும் இவர்களுக்குப் பந்து கொண்டுவந்து கொடுத்தவர் பலாவ். "சில்வியா டொமிங்கெஸும்தானே அந்த வேலையைச் செய்தார்?" என்பீர்கள். ஆமாம், செய்தார். அவரையும்தான் உங்கள் பட்டியலில் காணோமே!

"அப்படியானால் அசிஸ்ட் கணக்கைக் காட்டுங்கள்" என்று ஒருவர் வருவார். அசிஸ்ட் என்பது கூடைக்கு முந்தைய கடைசி பாஸைக் கொடுத்தவருக்கு எழுதுகிற கணக்கு. அது பாதிக் கதைதான். பிக் அண்ட் ரோல் என்கிற இருவர் உத்தியை நிதானமாகப் பாருங்கள். உயரமான சக வீராங்கனை வந்து ஸ்கிரீன் வைக்கிறார், அதாவது கார்டைத் துரத்துபவரின் வழியில் அசையாமல் நிற்கிறார். கார்டு அவர் தோளை உரசிக்கொண்டு போக வேண்டும். ஓர் ஆள் நுழைகிற அளவுக்கு இடைவெளி விட்டால், துரத்துபவர் அந்தச் சந்திலேயே புகுந்து வந்துவிடுவார், ஸ்கிரீன் வீண். சரியாக உரசிப் போனாலும் எதிரணியின் உயரமான ஆள் இரண்டு எட்டு வெளியே வந்து மறிப்பார். அனுபவமில்லாத கார்டு இங்கேதான் பதறிப்போய் டிரிபிளை, அதாவது பந்தைத் தரையில் தட்டுவதை, நிறுத்திப் பந்தைக் கையில் பிடித்துவிடுவார். அவ்வளவுதான். நான்கு கைகள் மேலே, பாஸ் போகிற வழி அடைப்பு, டர்ன்ஓவர், பந்து எதிரணிக்கு.

பலாவ் டிரிபிளை விடமாட்டார். ஒன்றிரண்டு தட்டு பின்னால் வருவார், மறித்த இருவரும் கூடவே வெளியே வருவார்கள். ஸ்கிரீன் வைத்துவிட்டுப் பின்னால் கூடையை நோக்கி ஓடுகிறவருக்கு இப்போது காவல் இல்லை. தூக்கிய கைகளுக்குக் கீழே, தரையில் பட்டு எழும் ஒரு பவுன்ஸ் பாஸ். அதைத் தடுக்க மூலையிலிருந்து ஒரு காவல் உள்ளே ஓடி வந்தால், வாங்கியவர் மூலைக்குத் தட்டிவிடுவார். அங்கிருந்து மூன்று புள்ளி. கணக்கில் கூடை ஒருவருக்கு, அசிஸ்ட் இன்னொருவருக்கு. பலாவுக்கு? பூஜ்யம். இதைப் புள்ளிவிவர அட்டவணையின் எந்தப் பத்தியில் தேடப்போகிறீர்கள்?

பந்தோடு மைதானத்தின் பாதிக் கோட்டைத் தாண்ட 8 நொடி, கூடைக்கு எறிய மொத்தம் 24 நொடி. ஐந்திலேயே தாண்டிவிட்டால் கையில் 19 இருக்கும். போட்ட திட்டம் அடைபட்டாலும் மறுபக்கம் திருப்பி இன்னொரு முறை முயல நேரம் உண்டு. எட்டு வரை இழுத்தால் கடைசியில் யாரோ கண்ணை மூடிக்கொண்டு எறிவார், பழி அவர் தலையில் விழும். பாஸ் நெஞ்சுயரத்தில் வந்தால் வாங்கிய கையோடு எறியலாம். முழங்காலுக்கு வந்தால் குனிந்து நிமிர்வதற்குள் காவல் வந்துவிடும். டோரன்ஸ் எவ்வளவு அழகாக எறிகிறார் என்று உருகுகிறவர்கள், பந்து எந்த உயரத்தில் வந்தது என்பதையும் ஒருமுறை பார்க்கலாம். டோரன்ஸைக் குறைத்துச் சொல்லவில்லை, உடனே அதைப் பிடித்துக்கொண்டு வராதீர்கள்.

"41 வயதில் டோக்கியோ ஒலிம்பிக்குக்கு எதற்கு?" என்றும் ஒரு கேள்வி. காலிறுதியில் பிரான்சிடம் 64-67. மூன்று புள்ளியில் தோற்ற ஆட்டத்துக்கு வயதுதான் காரணமா? அதே 2021இல் சொந்த நாட்டில் ஆடிய ஐரோப்பியத் தொடரில் ஏழாம் இடம் வந்தது, உண்மை. வலித்தது. அதற்காக முந்தைய 18 ஆண்டுகளை அழித்துவிடுவீர்களா?

இவர் என்ன சொகுசாகவா ஆடினார்? 2012இல் வலென்சியாவின் ரோஸ் காசாரெஸ் அணியோடு, ஐரோப்பியக் கிளப் அணிகளுக்கான யூரோலீக் கோப்பையைத் தூக்கினார். ஐரோப்பாவின் சாம்பியன். சில மாதங்களில் அந்தத் தொழில்முறை அணியையே கலைத்துவிட்டார்கள். ஜெயித்த அணியை! முதலிடம் பிடித்தவர்கள் அடுத்த சீசனுக்கு வேறு இடம் தேட வேண்டியதாயிற்று. அந்த ஆண்டு ஸ்பெயின் ஒலிம்பிக்குக்கே தகுதி பெறவில்லை, அதனால் லண்டனும் இல்லை. 32 வயதில் மூட்டையைக் கட்டிக்கொண்டு போலந்தின் பொல்கோவிட்சே. பிறகு பிராக், அங்கே 2015இல் மறுபடியும் யூரோலீக். அப்புறம் ஆஸ்திரேலியா. கடைசியில் ஊர்ப்பக்கம் திரும்பி ஜிரோனா, 2019இல் ஸ்பெயின் லீக் பட்டம். 2022 வரை ஆடினார், 42 வயது வரை.

உங்களுக்கு முப்பது நொடி கிளிப் போதும். ரியோவில் துருக்கிக்கு எதிராக அன்னா குரூஸ் கடைசி நொடியில் போட்ட கூடை மாதிரி ஏதாவது. நல்ல கூடைதான், நானும் ரசிப்பேன். ஆனால் 2017 இறுதி ஆட்டம், பிரான்சை 71-55 என்று நொறுக்கியது, அதை முழுசாகப் பாருங்கள். பந்தின் பின்னால் கண்ணை ஓட்டாமல், பலாவ் பாஸ் கொடுத்த பிறகு எங்கே போய் நிற்கிறார் என்று மட்டும் பாருங்கள். பார்த்துவிட்டு வந்து சண்டை போடுங்கள், நான் இங்கேதான் இருக்கிறேன்.