வெள்ளைச் சட்டையும் அக்குள் மஞ்சளும்

யாங்கோனில் பதினோரு ஆண்டுகளாக ஆசிரியையாக வேலை செய்கிறேன். வெள்ளைச் சட்டையும் பச்சை லுங்கியும்தான் இங்கே பள்ளி ஆசிரியைகளின் உடுப்பு என்பதால், கறுப்பிலோ கருநீலத்திலோ உடுத்தி எதையும் மறைத்துக்கொள்ளும் வசதி எங்களுக்கு இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை, துவைத்துக் காய்ந்த என் ஆறு சட்டைகளையும் கட்டிலில் விரித்துப் போட்டுப் பார்த்தபோது எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. ஆறிலும் இரண்டு கைகளின் அடியிலும் உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சள். கை வைத்துப் பார்த்தால் அந்த இடம் துணியாகவே இல்லை. கஞ்சி முடமுடத்துக் காய்ந்ததுபோல விறைத்து நிற்கிறது. இஸ்திரிப் பெட்டியின் சூடு பட்டதும், துவைத்த துணியிலிருந்தே பழைய வியர்வை வாடை கிளம்புகிறது.

வியர்வையை நான் குறை சொல்லவில்லை. கொளுத்தும் வெயிலிலும் மழைக்கால இறுக்கத்திலும் மின்சாரம் நின்றுபோன வகுப்பறையில் நாள் முழுக்க நின்று பாடம் நடத்துகிறவளுக்கு வியர்க்காமல் இருந்தால்தான் அதிசயம். என் கோபமெல்லாம் அக்குளில் பூசும் அந்த டியோடரண்ட் குச்சியை விற்கிறவர்கள் மீதுதான். 48 மணி நேரம் காக்கும் என்று கொட்டை எழுத்தில் போடுகிறார்கள்; கறை படியாது என்றும் போடுகிறார்கள். அதை எப்போது பூசவேண்டும், எப்படிக் கழுவி எடுக்கவேண்டும், துணியில் இறங்கினால் என்ன செய்யவேண்டும் என்பதற்கு மட்டும் அந்த டப்பாவில் நமக்குப் படிக்கத் தெரிந்த மொழியில் ஒரு வரிக்குக்கூட இடமில்லை. நான் வாங்கியதில் பின்பக்கம் முழுவதும் தாய்லாந்து எழுத்து. படிக்கத் தெரியாத ஒரு பொருளைத் தினமும் தோலில் தேய்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

கடைசியில் ஒரு தோல் மருத்துவரிடம் போய் உட்கார்ந்த பிறகுதான் விவரம் தெரிந்தது. நாம் எல்லாவற்றையும் டியோடரண்ட் என்று ஒரே பெயரில் சொன்னாலும் கடையில் இருப்பவை இரண்டு வகை. ஒன்று வாடையை மட்டும் அடக்குவது. மற்றது வியர்வையையே தடுப்பது. அதில் அலுமினிய உப்பு இருக்கிறது, அது வியர்வைக் குழாயின் வாயில் கூழ்போல் உறைந்து அடைத்துக்கொள்கிறது. அந்த அலுமினியம் வியர்வையோடும் உடல் எண்ணெயோடும் சேர்ந்து துணியின் நூலுக்குள் இறங்கித் தங்குவதுதான் நான் பார்த்த மஞ்சள். இது தெரியாமல் நான் என்ன செய்தேன்? வெள்ளைத் துணிதானே என்று குளோரின் பிளீச்சை ஊற்றினேன். இந்தக் கறைக்குப் பிளீச் பகை; மஞ்சள் இன்னும் அழுத்தமாக ஏறி, இரண்டு சட்டைகள் அன்றோடு போயின.

பூசும் நேரமும் தவறு. விடியற்காலையில் குளித்து, ஈரம் உலராத தோலில் அவசரமாக இரண்டு இழுப்பு இழுத்து, உடனே சட்டையை மாட்டிக்கொண்டு பேருந்துக்கு ஓடுகிறவர்கள்தான் நம்மில் முக்கால்வாசிப் பேர். அப்படிப் பூசினால் பாதி மருந்து சட்டைக்குத்தான் போகும். வியர்வைத் தடுப்பானை இரவில், நன்றாக உலர்ந்த தோலில், மெல்லிசாகப் பூசவேண்டுமாம். இரவில் வியர்வை குறைவு என்பதால் அடைப்பு சரியாக உட்காரும். காலையில் குளித்தாலும் அதன் பலன் போகாது. இந்த ஒரு வாக்கியத்தை டப்பாவின் மேல் பர்மிய மொழியில் அச்சடிக்க எவ்வளவு மை செலவாகிவிடும்?

துணியாவது போனால் போகட்டும், புதிது தைத்துக்கொள்ளலாம். தோலுக்கு எங்கே போவது? அந்தக் குச்சியில் மெழுகும் சிலிக்கோனும் இருக்கின்றன. வெறும் தண்ணீர் அதன்மேல் முத்து முத்தாக உருண்டு ஓடும். சோப்பும் முழுதாக எடுக்காது. நேற்றுப் பூசியதன்மேல் இன்று, இன்று பூசியதன்மேல் நாளை என்று ஏறி, விரலால் வழித்தால் சாம்பல் நிறத்தில் திரிதிரியாக உருண்டு வந்தது. அதை அழுக்கென்று நினைத்து நான் குளியலறையில் நுரைக்கல்லால் தேய்த்தேன். எலுமிச்சையை அறுத்துத் தேய்த்தேன். சமையல் சோடாவைக் குழைத்துப் பூசினேன். தோல் சற்றே அமிலத் தன்மை கொண்டது; சோடா அதற்கு நேர் எதிரான காரம். எலுமிச்சைச் சாறு பட்ட இடத்தில் வெயில் பட்டால் புண்ணாகிக் கருத்துப்போகும். மூன்றும் சேர்ந்து என்னை இரண்டு வாரம் கையை இறக்க முடியாமல் வைத்தன. எரிச்சல் தணிந்தபோது தோல் முன்னைவிடக் கறுத்திருந்தது.

தேங்காயெண்ணெயை இரண்டு சொட்டு விட்டு, ஒரு நிமிடம் பொறுத்து, ஈரத் துணியால் மெதுவாகத் துடைத்துவிட்டுப் பிறகு சோப்புப் போட்டால் அத்தனையும் வந்துவிடுகிறது. மெழுகை எண்ணெய்தான் கரைக்கும். தலைக்கு எண்ணெய் வைத்து வளர்ந்த எனக்கு இதை யாராவது ஒருவர் முன்பே சொல்லியிருக்கக் கூடாதா?

ஆசிரியர் அறையில் ஒரு சக ஆசிரியை என் கைக்கடியில் கறுத்திருப்பதைப் பார்த்துவிட்டு, "டீச்சர், அந்த இடத்தைத் தேய்த்துக் குளிப்பதில்லையா? உங்கள் ஆட்களுக்கு மட்டும் ஏன் இப்படி?" என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்டார். அன்று வாயடைத்து நின்றேன். இன்று பதில் சொல்கிறேன். அக்குள் கறுப்பு அழுக்கல்ல. சவரக்கத்தி, உராய்வு, வாசனைப் பொருளின் ஒவ்வாமை ஆகியவற்றால் தோல் அழன்று ஆறும்போது விட்டுச்செல்லும் நிறம் அது. தேய்க்கத் தேய்க்க ஏறுமே தவிர இறங்காது. கழுத்தின் பின்புறமும் சேர்ந்து வெல்வெட்டுப்போலத் தடித்துக் கறுத்திருந்தால் அது இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளமாக இருக்கலாம். அங்கே வேண்டியது சர்க்கரைப் பரிசோதனை, நுரைக்கல் அல்ல. வாடையும் அப்படித்தான். வியர்வைக்குத் தனியாக வாடை கிடையாது, தோலில் வாழும் பாக்டீரியா அதை உடைக்கும்போதுதான் வாடை பிறக்கிறது. கிழக்காசியர் மிகப் பலருக்கு ஏபிசிசி11 என்ற மரபணுவில் உள்ள ஒரு மாற்றத்தால் அந்த வாடை இயல்பாகவே குறைவு. பிறப்பால் வந்த ஒன்றை வைத்து ஒருவரின் சுத்தத்தை அளப்பது என்ன நியாயம்?

இந்த வெட்கத்தைக் காசாக்குகிறவர்கள் இன்னொரு பக்கம். அனோயாட்டா சாலைக் காளி கோயிலுக்குப் போய்த் திரும்பும் வழியில் ஒரு கடையில், "இதைப் போடுங்கள் அக்கா, ஏழே நாளில் வெள்ளையாகிவிடும்" என்று பெயரும் ஊரும் இல்லாத ஒரு சிமிழை நீட்டினார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டால் சிரிப்புதான் பதில். வெளுப்பேற்றும் பூச்சுகளில் பாதரசம் கலப்பது உலகம் முழுவதும் பிடிபட்டிருக்கிறது. பாதரசத்தைக் கட்டுப்படுத்த உலக நாடுகள் 2013-இல் ஏற்ற மினமாட்டா உடன்படிக்கை இத்தகைய பூச்சுகளுக்கும் தடை விதிக்கிறது. பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். முதலில் தோலைக் கெடுக்க ஒரு பொருள், கெட்டதை மறைக்க இன்னொரு பொருள், இரண்டுக்கும் பணம் கொடுப்பது நாம்.

இதே ஊரில் என் அத்தை அறுபது வயது வரையில் படிகாரக் கல்லை நனைத்துக் கக்கத்தில் தடவியே காலம் தள்ளினார். இப்போது அதே படிகாரத்தைப் பளபளப்பான டப்பாவில் அடைத்து, அலுமினியம் இல்லாதது என்று எழுதி விற்கிறார்கள். படிகாரமே பொட்டாசியம் அலுமினியம் சல்பேட்தான்! தெரிந்தே எழுதுகிறார்கள் என்பதுதான் என்னைக் கொதிக்க வைக்கிறது.

மீதி நான்கு சட்டைகளையும் நேற்றிரவு வெள்ளை வினிகரும் தண்ணீரும் சரிபாதியாகக் கலந்த வாளியில் ஒரு மணி நேரம் ஊறவைத்தேன். புளிப்பு அலுமினிய உப்பைக் கரைக்கும். பிளீச் பட்ட சட்டைகளை மட்டும் அதில் போடவில்லை, பிளீச்சும் வினிகரும் சேர்ந்தால் நச்சு வாயு கிளம்பும். பிறகு பச்சைத் தண்ணீரில் சோப்புப் போட்டு அலசி, இஸ்திரி போடாமல் கொடியில் காயவிட்டேன். மூன்றில் மஞ்சள் பெரும்பாலும் இறங்கியிருக்கிறது. நான்காவது, தீபாவளிக்கு அம்மா தைத்துக் கொடுத்தது, அது இறங்கவில்லை.