மூன்று நாள் செமினார் போதுமா என்று கேட்ட தம்பிக்கு

போன ஞாயிறு ஆராதனை முடிந்து வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது எங்கள் சபைத் தம்பி ஒருவர் வந்து நின்றார். "அக்கா, எனக்கும் கவுன்சலிங் ஊழியம் செய்யணும்னு பாரம் இருக்கு. மூணு நாள் செமினார் ஒண்ணு போட்டிருக்காங்க, சர்டிபிகேட்டும் தர்றாங்க. அது போதும்ல? எதுக்கு ரெண்டு வருஷம் கிறிஸ்தவ கவுன்சலிங்ல எம்.ஏ. படிக்கணும்?" தூறல் போட ஆரம்பித்துவிட்டது. நின்றபடி பேசி முடிக்கிற விஷயமும் இல்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

போதாது தம்பி.

என் இரண்டாவது பிள்ளை பிறந்த பிறகு எனக்குத் தூக்கமே இல்லாமல் போனது. பிள்ளை அழுதாலும் தூக்கத் தோன்றாது. கிணற்றுப் பக்கம் போக எனக்கே பயமாக இருந்தது. வீட்டுக்கு வந்து ஜெபித்தவர்கள் எல்லோரும் என்மேல் உண்மையான அன்பு உள்ளவர்கள்தான். ஆனால் ஒருவர் விசுவாசக் குறைவு என்றார். இன்னொருவர், மறைத்து வைத்த பாவம் ஏதாவது உண்டா என்று கேட்டார். கேட்கக் கேட்க நான் இன்னும் உள்ளே போனேன். சபையில் நர்ஸாக இருந்த ஒரு அக்கா மட்டும் "சாப்பிட்டியா? தூங்கி எத்தனை நாளாச்சு?" என்றார். பிள்ளையை வாங்கித் தன் மடியில் போட்டுக்கொண்டு என்னைப் படுக்கச் சொன்னார். மறுநாள் மனநல மருத்துவரிடம் அவரே கூட்டிப்போனார். பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு என்று அப்போதுதான் தெரிந்தது. மாத்திரையும் பேச்சுமாகச் சில மாதங்களில் தேறினேன்.

1 இராஜாக்கள் 19-ஐ அதற்கு முன் எத்தனையோ முறை வாசித்திருக்கிறேன். சாக வேண்டும் என்று சூரைச்செடியின் கீழ் படுத்த எலியாவுக்குத் தேவதூதன் பிரசங்கம் செய்யவில்லை. அடையும் தண்ணீரும் கொடுத்தான், மறுபடி தூங்க விட்டான், எழுப்பித் திரும்பவும் சாப்பிட வைத்தான். கர்த்தர் அவனிடம் கேள்வி கேட்டது அதற்கெல்லாம் பிறகு. அந்த வரிசை அன்றைக்குத்தான் என் கண்ணில் பட்டது.

பிள்ளைகள் வளர்ந்த பிறகு, நாற்பது வயதில், கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூருக்கு இந்த எம்.ஏ. படிக்கப் போனேன். விடியற்காலை பஸ், ஓசூர் நெரிசல், இரவு வீடு. பாடங்கள் கஷ்டமாக இருந்தன, ஆனால் என்னை மாற்றியது வகுப்பறை இல்லை. மருத்துவமனை வார்டில் ஒரு நோயாளியுடன் பேசிவிட்டு வந்து, அவர் சொன்னது, நான் சொன்னது, நடுவில் இருந்த மௌனம் எல்லாவற்றையும் நாடகம் மாதிரி வரிக்கு வரி எழுத வேண்டும். வெர்பாட்டிம் என்பார்கள். மேற்பார்வை ஆசிரியர் அதை உடன் படிக்கிறவர்கள் முன்னால் பிரித்துப் போடுவார். என் முதல் தாளில் "கவலைப்படாதீங்க" என்ற சொல் ஐந்து இடத்தில் இருந்தது. ஐந்தையும் சிவப்பு மையில் வட்டமிட்டு, "இங்கே கவலைப்பட்டது யார்?" என்று கேட்டார். நான்தான். நோயாளியான அந்த அம்மா அழுவதைப் பார்க்க என்னால் முடியவில்லை, அதனால் அவர் வாயை அடைத்திருக்கிறேன். ஜெபிக்கலாமா என்று கேட்டதும் அந்த அழுகையிலிருந்து தப்பிக்கத்தான். ஜெபத்தைக் கதவாகப் பயன்படுத்தி வெளியே ஓடியிருக்கிறேன் என்று புரிந்த அன்று இரவு பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன். மூன்று நாள் செமினாரில் யாரும் உன் தாளில் வட்டம் போட மாட்டார்கள்.

நோயாளிகளோடு இருந்து படிக்கிற இந்த முறைக்குப் பின்னால் ஒரு ஊழியர் இருக்கிறார். ஆன்டன் பாய்சன் என்ற அமெரிக்கப் போதகர் தானே மனநோயால் மருத்துவமனையில் அடைபட்டு மீண்டவர். 1925-ல் இறையியல் மாணவர்களை மாசசூசெட்ஸில் ஒரு மனநல மருத்துவமனைக்குள்ளேயே கொண்டுபோய் நிறுத்தி, நோயாளிகளிடம் படியுங்கள் என்றார். மதம் சாராத கவுன்சலிங் படிப்புகளிலும் பாடமாக இருக்கிற உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ்கூட முதலில் இறையியல் கல்லூரிக்குப் போய், அப்புறம் உளவியலுக்கு வந்தவர்தான்.

நம் ஆட்கள் தடுமாறுவதற்கு ஆலோசனை என்ற சொல்லும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். ஏசாயாவில் ஆலோசனைக் கர்த்தா என்று படித்துவிட்டு, நாமும் ஆலோசனை சொல்லக் கிளம்பிவிடுகிறோம். எலத்தகிரி, கோவிலூர் பக்கத்துக் கத்தோலிக்கச் சொந்தங்கள் ஆற்றுப்படுத்தல் என்பார்கள். அந்தச் சொல் எனக்குப் பிடிக்கும். பரிசு பெற்று வந்த பாணன், பசியோடு எதிரே வருகிற இன்னொரு பாணனுக்கு வழி சொல்வதுதானே ஆற்றுப்படை?

சரி, அப்படியானால் சாதாரண உளவியல் படித்தால் போதாதா, கிறிஸ்தவப் பார்வை எதற்கு என்றும் நீ கேட்கலாம். மன்னிக்கப்படாத பாவத்தைச் செய்துவிட்டேன் என்று நடுங்கிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. ஒரு நாளைக்கு நூறு தடவை மன்னிப்புக் கேட்பார்கள். வேதம் தெரியாத ஆலோசகருக்கு அந்தச் சொல்லின் பாரமே புரியாது. பயிற்சி இல்லாத ஊழியர் இன்னொரு முறை பாவ அறிக்கை செய்யச் சொல்வார், அது எரிகிற அடுப்பில் விறகு வைப்பதுதான். அது ஓசிடி என்கிற எண்ணச் சுழற்சி நோயாக இருக்கலாம் என்று அடையாளம் கண்டு, ஆறுதலைத் திரும்பத் திரும்பக் கேட்பதே நோயின் ஒரு பகுதி என்று தெரிந்து, மருத்துவரிடமும் அனுப்பி, கூடவே கிருபையைப் பற்றி அவருடைய மொழியிலேயே பேச இரண்டும் படித்த ஆள் வேண்டும். நம் பக்கத்தில் மனசு உடைந்தவர்கள் முதலில் போதகர் வீட்டுக் கதவைத்தான் தட்டுகிறார்கள்.

இன்னொன்று, எனக்கு மிகவும் வலிக்கிற விஷயம். ஒரு பெண் தன் வீட்டுக் கதையை நம்பிச் சொல்வாள். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் "ஒரு சகோதரியின் குடும்பச் சமாதானத்துக்காக" என்று அது ஜெபக் குறிப்பாகிவிடும். பேர் சொல்லவில்லை என்பார்கள். நம் ஊரில் பேர் சொல்ல வேண்டுமா? அவள் மறுபடி யாரிடமும் வாய் திறக்க மாட்டாள். இரகசியம் காப்பது தனிப் பாடம், அதற்கு எல்லை எங்கே என்பதும் பாடம். பிள்ளைக்குப் பாலியல் கொடுமை நடந்தது தெரிந்தால் போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி புகார் செய்தே ஆக வேண்டும். சபைக்குள் பேசி முடிக்கிற பேச்சே கிடையாது. பதினெட்டு ஆகாத பெண்ணுக்குக் கல்யாணம் பேசினால் குழந்தைகள் உதவி எண் 1098-க்குச் சொல்ல வேண்டும். சாக நினைக்கிறேன் என்கிறவரிடம் அதை நேராகவே கேட்க வேண்டும், தனியே விடக்கூடாது, டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416-ஐக் கையில் கொடுக்க வேண்டும்.

செலவு இருக்கிறது, தெரியும். உன் வீட்டு நிலையும் தெரியும். மூன்று இரவு கன்வென்ஷனுக்குப் பந்தலும் மைக் செட்டும் போட நம்மால் முடிகிறது என்றால், ஒரு பிள்ளையின் படிப்புக் கட்டணத்தில் பாதியையாவது சபை ஏற்கலாம். அடுத்த கமிட்டியில் இதை எழுந்து கேட்கப் போகிறேன். படிப்பவர்களும் சேருமுன் ஒன்றை விசாரியுங்கள்: மேற்பார்வையோடு எத்தனை மணிநேரம் நேரடிப் பயிற்சி? அதற்குப் பதில் சொல்லாத இடத்தில் பணம் கட்டாதீர்கள்.

தம்பி, சனிக்கிழமை சாயந்திரம் வீட்டுக்கு வா. அந்த முதல் வெர்பாட்டிம் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. அந்த அம்மா பேசிய வரிகளை மறைத்துவிட்டு, நான் பேசியதை மட்டும் காட்டுகிறேன்.