தண்டனை முடிந்தவருக்கு இன்னும் எத்தனை வருடம்?

யார் போட்டது, எந்த ஹூஸ்டன் தமிழ்க் குழுவில் என்றெல்லாம் சொல்லப்போவதில்லை. 2025 ஏப்ரலில், அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து இறுதிப் போட்டி நடந்த அந்தத் திங்கட்கிழமை ராத்திரி, மேட்ச் முடிந்து டிவியை அணைப்பதற்குள் வந்து விழுந்த அந்தக் 'கர்மா' பதிவைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பார்க்காதவர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

ஃப்ளோரிடா 65, ஹூஸ்டன் 63. இரண்டாம் பாதியில் பன்னிரண்டு புள்ளி முன்னால் இருந்த அணி, கடைசி இருபது விநாடி பந்து கையில் இருந்தும் ஒரு ஷாட்கூட எடுக்க முடியாமல் தோற்றது. ஹூஸ்டனின் எமானுவல் ஷார்ப் மூன்று புள்ளிக்கு எழும்பினான். எதிரே ஃப்ளோரிடாவின் வால்டர் கிளேட்டன் பாய்ந்து வந்ததும் பந்தைக் கீழே விட்டுவிட்டான். மறுபடி அவனே தொட்டால் விதிமீறல். கண்ணுக்கு முன்னால் துள்ளுகிற பந்தைத் தொட முடியாமல் நின்றான். அந்தப் பையன் உடைந்துபோய்க் குனிந்திருக்கிற படத்தைப் போட்டுத்தான் நம்மவர் எழுதுகிறார்: 'ஏமாற்றுக்கார கோச்சுக்குக் கோப்பை கிடைக்காது. கர்மா சும்மா விடுமா?' கீழே வரிசையாகச் சிரிப்பு. எல்லாரும் ஹூஸ்டனில் வீடு வாங்கி உட்கார்ந்திருப்பவர்கள்.

எனக்குச் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. ஹூஸ்டன் கோச் கெல்வின் சாம்ப்சன் ஒரு காலத்தில் தப்பு செய்தார். தண்டனை கொடுத்தார்கள். முழுசாக அனுபவித்தார். முடிந்தது. அதற்கப்புறம் அவர் செய்தது எல்லாம் வேலை. அந்த வேலையைப் பற்றிப் பேசுங்கள், பிடிக்கவில்லையென்றால் அதைத் திட்டுங்கள். 2008-லேயே போய் நின்றுகொண்டு கல்லெறியாதீர்கள்.

சரி, விஷயம் தெரியாதவர்களுக்காக. ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தில் கோச்சாக இருந்தபோது, 2000-க்கும் 2004-க்கும் இடையில், அவரும் அவருடைய உதவியாளர்களும் உயர்நிலைப் பள்ளி ஆட்டக்காரர்களுக்கு அனுமதிக்கு மேல் 577 போன் கால்கள் செய்திருந்தார்கள். கொலை இல்லை, கொள்ளை இல்லை, பையன்களுக்குக் காசு கொடுத்ததும் இல்லை. போன். 'எங்கள் கல்லூரிக்கு வா தம்பி' என்று கேட்க. 2006-ல், கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பான என்சிஏஏ கட்டுப்பாடு விதித்தது. அதற்குள் அவர் இந்தியானா பல்கலைக்கழகத்துக்குப் போயிருந்தார். அங்கேயும் மூன்று பேர் சேர்ந்து பேசும் கால்கள் என்று சிக்கல். 2008 பிப்ரவரியில் ஏழரை லட்சம் டாலரை வாங்கிக்கொண்டு ராஜினாமா. அந்த நவம்பரில் ஐந்து வருடத்துக்கு 'ஷோ காஸ்' தண்டனை வந்தது. அதாவது, எந்தக் கல்லூரி இவரை எடுத்தாலும் என்சிஏஏ முன்னால் போய் ஏன் எடுத்தோம் என்று விளக்கம் சொல்ல வேண்டும். எந்தக் கல்லூரி அந்த வம்பை விலைக்கு வாங்கும்? நடைமுறையில் தடைதான்.

இதில் எனக்குப் பிடித்த இடம் 2012. ஆண்கள் கூடைப்பந்தில், பத்தாவது முடித்த மாணவர்களுக்கு கோச்சுகள் எத்தனை போன் வேண்டுமானாலும் செய்யலாம், எத்தனை மெசேஜ் வேண்டுமானாலும் அனுப்பலாம் என்று என்சிஏஏவே விதியை எடுத்துவிட்டது. இவருடைய தண்டனை முடிய இன்னும் ஒன்றரை வருடம் பாக்கி. எது குற்றம் என்று உள்ளே போட்டார்களோ அது குற்றமே இல்லை என்று ஆகிவிட்டது, ஆள் மட்டும் உள்ளே. அவர் அப்போது ஏதாவது புலம்பினாரா? தொழில்முறை லீக்கான என்பிஏவில், ஹூஸ்டன் ராக்கெட்ஸ் பெஞ்சில் உதவிப் பயிற்சியாளராக உட்கார்ந்திருந்தார்.

'விதி விதிதானே, அப்போது இருந்த விதியை மீறினாரா இல்லையா?' மீறினார். நான் எங்கே இல்லை என்றேன்? மூன்றாவது பத்தியை மறுபடி படியுங்கள்.

'ஒரு தடவை மாட்டிக்கொண்ட பிறகு இந்தியானாவிலும் அதையே செய்தாரே?' செய்தார். அதற்குத்தானே ஐந்து வருடம். அடுத்த கேள்வி.

'அவர் விட்டுவிட்டுப் போன பிள்ளைகள்?' அடுத்த சீசனில் இந்தியானா 6 வெற்றி, 25 தோல்வி. பாவம்தான். ஆனால் இந்தக் கேள்வியைக் கேட்பவர் அதே வாயால் ஷார்ப்பின் படத்தைப் போட்டுச் சிரிக்கிறார் பாருங்கள், அங்கேதான் எனக்கு இடிக்கிறது. ஷார்ப் பிள்ளை இல்லையா?

தடைக்காலமும் அதையொட்டியும் சேர்த்து ஆறு வருடம் என்பிஏ. மில்வாக்கி மூன்று வருடம், ராக்கெட்ஸ் மூன்று வருடம். 2002-ல் ஓக்லஹோமாவை ஃபைனல் ஃபோருக்கு, அதாவது கடைசி நான்கு அணிகளுக்குள், கொண்டுபோன ஆள், இன்னொருவர் முடிவெடுக்க, பின்னால் உட்கார்ந்து யோசனை சொல்கிற ஆளானார். ஐம்பது வயதுக்கு மேல் அந்த நாற்காலியில் உட்காருவது எப்படி இருக்கும் என்று, டீம் லீட் பதவி போனதற்கே மூன்று மாதம் யாருடனும் பேசாமல் இருந்த நம் ஆட்களுக்குத் தெரியாதா?

2014 ஏப்ரலில் ஹூஸ்டன் பல்கலைக்கழகம் கூப்பிட்டது. கூப்பிட்டது என்றால் ஏதோ தங்கச் சிம்மாசனம் இல்லை. ஹக்கீம் ஒலாஜுவானும் கிளைட் டிரெக்ஸ்லரும் ஆடிய அணி, 1983-லும் 84-லும் இறுதிப் போட்டி வரை போய்த் தோற்ற அணி அது. ஆனால் அந்த 1984-க்குப் பிறகு என்சிஏஏ தொடரில் ஒரு ஆட்டம்கூட ஜெயித்ததில்லை. ஒன்றுகூட. அவர்கள் ஆடும் அரங்கமான ஹாஃப்ஹைன்ஸ் பெவிலியன் பழசாகிக் கிடந்தது, தனிப் பயிற்சிக்கூடம் கிடையாது. நான் அப்போது ஒரு ஆட்டத்துக்குப் போயிருக்கிறேன். முன் வரிசையில் போய் உட்கார்ந்தேன், ஏன் என்று கேட்க ஆளில்லை. முதல் சீசன் 13 வெற்றி, 19 தோல்வி. அப்போது இந்தக் கர்மா கோஷ்டிக்கு சாம்ப்சன் என்று ஒருவர் இருப்பதே தெரியாது. தோற்கிறவரின் பழைய கேஸை யார் தோண்டுவார்கள்?

அவருடைய பயிற்சியில் ஒன்று மட்டும் சொல்கிறேன். வளையத்தின் மேல் ஒரு பிளாஸ்டிக் மூடியை மாட்டிவிடுவார்கள். எப்படிப் போட்டாலும் பந்து உள்ளே போகாது, எகிறி வெளியேதான் வரும். அந்தப் பந்துக்கு அடித்துப் பிடித்துப் போராட வேண்டும். தோள் இடிக்கும், முழங்கை இடிக்கும். கூடைப்பந்தில் எல்லாப் பிள்ளைக்கும் பிடித்தது பந்தைக் கூடைக்குள் போடுவது. அந்தச் சந்தோஷத்தையே மூடிபோட்டு மூடிவிட்டு, தவறிய பந்தை எடுக்கக் கற்றுக்கொடுக்கிறார் மனுஷன். ஹூஸ்டன் ஆட்டத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஷாட் தவறும், இரண்டாவது தவறும், மூன்றாவது தடவை இவர்களே எடுத்துப் போடுவார்கள். பார்க்க அழகில்லை என்பார்கள். ஆமாம், அழகில்லை.

2016-ல் பயிற்சிக்கூடம் வந்தது. 2018 மார்ச்சில் சான் டியேகோ ஸ்டேட்டை வென்று அந்த 34 வருடச் சாபத்தை முடித்தார்கள். அடுத்த ஆட்டத்திலேயே மிச்சிகனின் ஜோர்டன் பூல் கடைசி நொடியில் தூரத்திலிருந்து போட்டு வெளியே அனுப்பினான், அது வேறு கதை. அந்த டிசம்பரில் பழைய பெவிலியன் புதுப்பிக்கப்பட்டு ஃபெர்டிட்டா சென்டராகத் திறந்தது. 33 வெற்றி, 4 தோல்வி என்று ஒரு சீசன். 2021-ல் ஃபைனல் ஃபோர். கோவிட் என்பதால் அந்த வருடத் தொடர் முழுவதும் எங்கே நடந்தது தெரியுமா? இந்தியானாவில். எந்த மாநிலத்திலிருந்து தலை குனிந்து வெளியேறினாரோ அங்கே. பேய்லரிடம் 78-59 என்று அடிவாங்கினார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் மறைத்தேன் என்பீர்கள். 2023-ல் பெரிய அணிகள் ஆடும் பிக் 12 லீக்குக்கு மாறியபோது 'இனிமேல் சாயம் வெளுக்கும்' என்றார்கள். முதல் வருடமே லீக்கில் முதலிடம்.

அப்புறம் 2025 அரையிறுதி. டியூக் அணி, அதன் நட்சத்திரம் கூப்பர் ஃபிளாக், எட்டு நிமிடம் இருக்கும்போது பதினாலு புள்ளி பின்தங்கல். கல்லூரியில் படிக்கிற என் மகள் ஃபோனை எடுத்துக்கொண்டு மாடிக்கே போய்விட்டாள், பார்க்க முடியவில்லை என்று. முப்பத்தைந்து விநாடி இருக்கும்போதும் ஆறு புள்ளி பின்னால். 70-67 என்று ஜெயித்தார்கள். முன்னிலை தந்த இரண்டு ஃப்ரீ த்ரோவையும் போட்டவன் ஜேவான் ராபர்ட்ஸ். அணி மாறுவது சட்டை மாற்றுவதுபோல ஆகிவிட்ட இந்தக் காலத்தில் ஆறு வருடம் அங்கேயே இருந்தவன். ஏமாற்றுக்காரரிடம் ஒரு பையன் ஏன் சார் ஆறு வருடம் இருக்கிறான்?

'மகன் உதவிப் பயிற்சியாளர், மகள் நிர்வாகத்தில், குடும்பக் கம்பெனி' என்று ஒருவர் கமெண்டில். தமிழ்நாட்டிலிருந்து வந்து வாரிசு பற்றி வகுப்பெடுக்கிறார். மேலே ஒன்றும் சொல்வதற்கில்லை.

இவ்வளவு ஏன் கொதிக்கிறாய் என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது.

என் அப்பா அரசுப் பள்ளியில் பி.டி. மாஸ்டர். திண்டுக்கல் பக்கம். குடியரசு தின விளையாட்டுப் போட்டிக்கு, வயது கூடிய ஒரு பையனைச் சின்னவர் பிரிவில் ஆட வைக்கப் படிவத்தில் கையெழுத்துப் போட்டார். தெரிந்தேதான் போட்டார். நல்ல ஆட்டக்காரன், ஏழைப் பையன், சான்றிதழ் கிடைத்தால் கல்லூரியில் இடம் கிடைக்கும் என்பது கணக்கு. தோற்ற பள்ளி புகார் கொடுத்தது. சஸ்பென்ஷன், 17-பி குற்றச்சாட்டு மெமோ, விசாரணை, இன்கிரிமென்ட் கட், கடைசியில் மாற்றல். போன இடத்தில் மைதானம் என்ற பெயரில் சீமைக்கருவேலம். விடுமுறையில் ஊர்க்காரர்களைக் கெஞ்சி முள்ளை வெட்டி, இரண்டு இரும்புக் குழாயை நட்டு, பலகை அடித்து, சுண்ணாம்பில் கோடு போட்டார். பெண் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து. ஒரே ஒரு பந்து, பிளாடர் ஒட்டுப்போட்டது. குறுவட்டத்தில் முதல் சுற்றைத் தாண்டாத அந்தப் பள்ளி வருவாய் மாவட்டம் வரை போனது. அந்தப் பிள்ளைகளில் சிலர் விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரிக்குப் போய், வேலைக்குப் போய், இன்றைக்கும் அவரைப் பார்க்க வருகிறார்கள்.

ஊரில் அவர் பெயர் என்ன தெரியுமா? 'சர்டிபிகேட் வாத்தியார்.' அக்காவைப் பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால், எங்கள் சொந்தக்காரரே சிரித்துக்கொண்டே சொன்னார். தமாஷாம். அப்பா தட்டில் இருந்த கேசரியைக் கிளறிக்கொண்டே இருந்தார், சாப்பிடவில்லை. தண்டனை கொடுத்த துறை அதை மறந்து அவருக்குப் பணிமூப்பில் பதவி உயர்வே கொடுத்துவிட்டது. துறையைவிட ஒழுக்கமானவர்கள் போலிருக்கிறது எங்கள் ஊர்க்காரர்கள்.

'கோடிக்கணக்கில் சம்பளம் வாங்கும் அமெரிக்க கோச்சும் உன் அப்பாவும் ஒன்றா?' இல்லை. சம்பளம் ஒன்றில்லை, நாடு ஒன்றில்லை, என் அப்பாவுக்கு ராஜினாமாவுக்கு ஏழரை லட்சம் டாலர் யாரும் தரவில்லை. வாய்கள் மட்டும் ஒன்றாக இருக்கின்றன.

சாம்ப்சனின் அப்பாவும் பள்ளி கோச்தான். நெட் சாம்ப்சன், வட கரோலினாவின் லம்பி பழங்குடி. 1958 ஜனவரியில் வெள்ளை இனவெறிக் கும்பலான கூ க்ளக்ஸ் கிளான் அங்கே கூட்டம் போட வந்தபோது, ஹேய்ஸ் குளத்தருகே நூற்றுக்கணக்கான லம்பி மக்கள் துப்பாக்கியோடு திரண்டு விரட்டியடித்தார்களே, அதில் அவரும் இருந்தவர். அந்த வீட்டுப் பிள்ளையிடம் போய் நம் ஆட்கள் மீம் போட்டு மிரட்டுகிறார்கள்.

இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன், எப்படியும் கெட்ட பெயர் வாங்கியாகிவிட்டது. தமிழ் இருக்கைக்குப் பணம் திரட்டும்போது இதே ஹூஸ்டன் பல்கலைக்கழகம் 'நம் பல்கலைக்கழகம்'. ரேணு கட்டோர் தலைவராக இருப்பதால் இந்தியருக்கே பெருமை. டியூக்கை வீழ்த்திய சனிக்கிழமை ராத்திரி எல்லார் புரொஃபைலிலும் சிவப்புச் சட்டை. திங்கட்கிழமை இரண்டு புள்ளியில் தோற்றதும் 'அவனுங்க கோச் ஃபிராடு'. ஜெயித்திருந்தால் கர்மா என்ன ஆகியிருக்கும்? 69 வயதில் கோப்பை வென்ற மிக மூத்த கோச் என்று நீங்களே பூத்தூவி ரீல்ஸ் போட்டிருப்பீர்கள். 577 போனும் ஒரே ராத்திரியில் மறந்திருக்கும்.

எண்ணெய் விலை விழுந்து இந்த ஊரில் வரிசையாக வேலை போனபோது, 'கர்மா' என்று யாராவது உங்கள் சுவரில் எழுதினார்களா? நாங்கள் எல்லாரும் ரெஸ்யூமே அல்லவா கேட்டோம்? ரெஃபர் செய்தோம், சாப்பாடு கொண்டுவந்து கொடுத்தோம். உங்கள் பழைய மேனேஜர் உங்களைப் பற்றி என்ன சொன்னார் என்று எனக்கும் தெரியும், நான் அதை எங்கேயும் பதிவு போடவில்லை.

அந்தக் குழுவிலிருந்து விலகிவிட்டேன். 'தம்பி கோவிச்சுக்கிட்டான்' என்று தனியாக மெசேஜ் அனுப்பும் அண்ணன்களுக்கு: ஆமாம், கோபம்தான். முதலில் ஷார்ப்பின் படத்தை எடுங்கள், அப்புறம் பேசலாம். எடுக்கும்வரை இங்கே வந்து சாம்ப்சனைப் பற்றி எழுதுகிற கமெண்டுக்கு நான் பதில் போடப்போவதில்லை.