திரும்பி வரும் கேஷ் சர்வரைக் காலி செய்த பிறகே சேருங்கள்

தரவுத்தளத்தின் விடைகளை விரைவாகத் தருவதற்காக அவற்றின் நகல்களை நினைவகத்தில் வைத்திருப்பது கேஷ் சர்வர். நெட்வொர்க் துண்டிப்பின்போது எட்டாமல் போன கேஷ் சர்வரைவிட, இணைப்பு சீரானதும் திரும்பி வரும் சர்வரே என்னை அதிகம் அஞ்சவைக்கிறது. மெம்கேஷ்டு என்ற கேஷ் மென்பொருளை இயக்கும் சர்வர் ஒன்று முழுமையாக நின்று மறுபடி தொடங்கினால், வழக்கமாக அதன் நினைவகம் காலியாகவே இருக்கும். தரவுத்தளத்தின் மீது சுமை ஏறுமே தவிர, பழைய விடை எதுவும் வெளியே போகாது. இணைப்பு மட்டும் அறுந்திருந்தாலோ, சர்வர் தன் பழைய மதிப்புகளோடு அப்படியே இயங்கிக்கொண்டிருக்கும். தரவு மாறியதால் பழைய நகலை நீக்கச் சொல்லி இடைப்பட்ட நேரத்தில் அனுப்பப்பட்ட அழிப்புக் கட்டளைகள் தன்னிடம் வந்து சேரவில்லை என்பதை அறிய அதற்கு வழியே இல்லை.

பதில் தராத சர்வரைத் தானாகவே பட்டியலிலிருந்து நீக்கும் வசதி, கேஷுடன் பேச அப்ளிகேஷன்கள் பயன்படுத்தும் கிளையன்ட் லைப்ரரிகள் பலவற்றில் உண்டு. 1997இல் கார்கரும் சக ஆய்வாளர்களும் முன்வைத்த, எந்தத் தரவு எந்த சர்வரில் இருக்க வேண்டும் என்று தீர்மானிக்கும் கன்சிஸ்டன்ட் ஹேஷிங் முறையில், ஒரு சர்வர் விலகினால் சிறு பகுதித் தரவு மட்டுமே இடம் மாறும் என்பதால், இந்த வசதி ஆபத்தற்றது என்று பலர் நம்பிவிடுகிறார்கள். இந்த நம்பிக்கையை நான் கடுமையாக மறுக்கிறேன். கோளாறு எல்லா அப்ளிகேஷன் சர்வர்களுக்கும் ஒரே நேரத்தில், ஒரே விதமாகத் தெரிவதில்லை. ஒன்று புதிய இடத்தில் தேடிக்கொண்டிருக்கும்போது இன்னொன்று பழைய இடத்திலேயே எழுதிக்கொண்டிருக்கும். ஒருவருக்கு அளித்த அனுமதியை அந்த நேரத்தில் ரத்து செய்திருந்தால், விலக்கப்பட்ட சர்வர் திரும்பியதும் அந்த அனுமதியும் உயிர்பெற்றுவிடும்.

ஃபேஸ்புக் பொறியாளர்கள் 2013இல் தங்கள் மெம்கேஷ்டு அமைப்பைப் பற்றி வெளியிட்ட ஆய்வுக்கட்டுரையை நான் மதிப்பதற்குக் காரணம், அது இந்தச் சிக்கலை நேராக எதிர்கொள்வதுதான். அழிப்புக் கட்டளைகள் தரவுத்தளத்தில் நடந்த மாற்றங்களைக் குறித்துவைக்கும் கமிட் பதிவிலிருந்தே எடுத்து அனுப்பப்படுவதால், வழியில் தொலைந்தவற்றை மீண்டும் அனுப்ப முடிகிறது. பதில் தராத சர்வர்களின் வேலையை ஏற்க, ஒரு கிளஸ்டரில் (சேர்ந்து இயங்கும் சர்வர் தொகுதியில்) சுமார் 1 சதவீத சர்வர்களைத் தனியே ஒதுக்கினார்கள். அவற்றில் வைக்கப்படும் மதிப்புகள் விரைவிலேயே காலாவதியாகிவிடும். பழைய மதிப்பு தாமதமாக வந்து புதியதன் மேல் எழுதிவிடாதபடி, எழுத வருபவரிடம் 64 பிட் டோக்கன் (அடையாள எண்) ஒன்று கேட்கப்படுகிறது. இடையில் அந்தத் தரவு அழிக்கப்பட்டிருந்தால் அந்த டோக்கன் செல்லாது.

நெட்வொர்க் பிளவுபட்டிருக்கும்போது சீர்மையையும் (எங்கே கேட்டாலும் ஒரே புதிய விடை) இடையறாத சேவையையும் சேர்த்துப் பெற முடியாது என்று 2000இல் எரிக் ப்ரூவர் முன்வைத்த கருத்தை, 2002இல் கில்பர்ட்டும் லின்ச்சும் நிறுவினார்கள். ரெடிஸ் என்ற இன்னொரு நினைவகத் தரவு மென்பொருளின் கிளஸ்டரும் இதற்கு விலக்கல்ல: பிளவில் குறைவான சர்வர்கள் உள்ள பக்கம் சிக்கிய முதன்மை சர்வர், குறிப்பிட்ட காலக்கெடு முடியும்வரை எழுதும் கோரிக்கைகளை ஏற்கும், மறுபக்கத்தில் வேறொரு சர்வர் முதன்மையாகிவிட்டால் அப்படி எழுதப்பட்டவை இழக்கப்படும். ஆகவே எந்தத் தரவு சிறிது பழையதாக இருக்கலாம், எது ஒருபோதும் இருக்கக்கூடாது என்பதைத் துண்டிப்பு வருவதற்கு முன்பே வகைபிரித்துவிட வேண்டும். விருப்பக்குறிகளின் எண்ணிக்கை பழையதாக இருந்தால் யாருக்கும் நட்டமில்லை. அனுமதி, கணக்கிருப்பு போன்றவற்றை, கேஷ் மீது ஐயம் எழுந்த உடனே தரவுத்தளத்திடமே கேட்க வேண்டும். விடை தாமதமானாலும் பரவாயில்லை.

திரும்பி வரும் சர்வரை முதலில் காலி செய்துவிட்டு, பிறகு கோரிக்கைகளைச் சிறிது சிறிதாக அதனிடம் திருப்ப வேண்டும். இதனால் தரவுத்தளத்தின் சுமை கூடும் என்பது உண்மை. அந்தச் சுமையைத் தாங்கும் அளவுக்குத் தரவுத்தளத்தை முன்கூட்டியே அமைத்து, அதைச் சோதித்தும் பார்த்திருக்க வேண்டும்.