நாற்பத்தெட்டும் நான்கு அடுப்பும்

(இடம்: பல்லடத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம், விசைத்தறிக் கூடத்தை ஒட்டிய வீட்டுத் திண்ணை. ஞாயிற்றுக்கிழமை என்பதால் தறிகள் ஓடவில்லை. ஓடியிருந்தால் இந்த உரையாடல் அவர்கள் இருவருக்குமே கேட்டிருக்காது. வாசலில் பானட்டைத் திறந்தபடி ஒரு பழைய கான்டெஸா கார் நிற்கிறது. அதன் பிறவி எஞ்சின் என்றைக்கோ போய்விட்டது. இப்போது உள்ளே இருப்பது, காற்று நுழையும் வாய்களை அகலப்படுத்திய மாஸ்டா 12ஏ சுழல் எஞ்சின். சுழல் எஞ்சினைப் பார்த்திராதவர்கள் ஆட்டுக்கல்லை நினைத்துக்கொள்ளலாம். குழவி குழிக்குள் நடு விலகிச் சுற்றுவதைப் போல, மூன்று முனை கொண்ட ரோட்டர் தன் அறைக்குள் சுற்றுகிறது. மாவுக்குப் பதிலாகப் பெட்ரோலை அரைக்கிறது, அவ்வளவுதான். தறி முதலாளி பொன்னுசாமி வண்டியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அவருடைய மனைவியும் கார்புரேட்டர் மெக்கானிக் ஒருவரின் மகளுமான துளசிமணி, வாயகன்ற கண்ணாடிப் பாட்டில் ஒன்றில் பளபளக்கும் அலுமினியப் புனலைச் செருகி, அதன் அடியில் துண்டுத் துணி கட்டி, டூ-டி என்கிற டூ-ஸ்ட்ரோக் ஆயிலை வடிகட்டிக்கொண்டிருக்கிறார்.)

பொன்னுசாமி: அம்மணி, இன்றைக்குக் கார்புரேட்டர் விஷயத்தில் ஒரு முடிவு எடுத்தே தீர வேண்டும். நேற்றுத் திருப்பூரில் சிக்னலில் நின்றுபோன வண்டியை மறுபடியும் கிளப்ப இருபது நிமிடம் ஆயிற்று. பின்னால் நின்ற நகரப் பேருந்தின் ஓட்டுநர் முதலில் வண்டியைப் பற்றி விசாரித்தார். பிறகு என் பாட்டனார் வரைக்கும் விசாரித்தார்.

துளசிமணி: உங்கள் பாட்டனார் ஓட்டியது மாட்டுவண்டி, அதில் பெட்ரோல் வழிய இடமில்லை. நம்முடைய நிக்கி கார்புரேட்டரில் ஊசி வால்வு தேய்ந்திருக்கிறது என்று மாசி மாதமே சொன்னேன். மிதவை அறை நிரம்பி வழிகிற பெட்ரோல் நேராக எஞ்சினுக்குள் இறங்கி, ரோட்டரின் மூன்று முனைகளிலும் உள்ள அபெக்ஸ் சீல்களின் எண்ணெய்ப் படலத்தைக் கழுவிவிடுகிறது. படலம் போனால் அழுத்தம் பிடிக்காது. அழுத்தம் பிடிக்காத எஞ்சினை எவ்வளவு நேரம் சுழற்றினாலும் பேட்டரிதான் இறங்கும்.

பொன்னுசாமி: அதனால்தான் சொல்கிறேன், நிக்கியையே தூக்கிவிட்டு வெபர் 48 ஐடிஏ வைத்துவிடலாம். இரண்டு ரோட்டர், இரண்டு குழல், ஆளுக்கு ஒன்று. ஒவ்வொரு குழலின் தலையிலும் காற்றை வாங்க ஊமத்தம்பூ மாதிரி விரிந்த ஒரு வாய். பங்கு பிரிப்பதில் சண்டையே வராது.

துளசிமணி: உங்கள் அண்ணனும் நீங்களும் தோட்டத்தைப் பிரித்தபோதும் ஆளுக்குப் பாதிதான், மாமா. அப்புறம் கிணற்றுக்காக மூன்று வருடம் கோர்ட்டுக்கு நடந்தோம். அது போகட்டும், 48 என்பது எதனுடைய அளவு?

பொன்னுசாமி: (பெருமையுடன்) காற்றைத் திறந்து மூடுகிற த்ராட்டில் தட்டின் விட்டம், மில்லிமீட்டரில்.

துளசிமணி: சரியாகத்தான் சொன்னீர்கள். அவ்வளவு பெரிய வாய் வழியாக, சிக்னலில் உறுமாமல் நிற்கிற எஞ்சின் எவ்வளவு காற்றை இழுத்துவிடும்? காற்று விரைந்து போனால்தான் வென்சுரியின் இடுக்கில் அழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்தால்தான் மெயின் ஜெட் வழியாகப் பெட்ரோல் மேலே ஏறி வரும். இளநீருக்குச் சின்னக் குழாயைப் போட்டுக் கொடுத்தால் குழந்தைகூடக் குடித்துவிடும். அடுப்பு ஊதுகிற குழலைப் போட்டுக் கொடுத்துப் பாருங்கள், கன்னம்தான் வலிக்கும்.

பொன்னுசாமி: மெதுவாகப் போகும்போது ஐடில் ஜெட் பார்த்துக்கொள்ளாதா?

துளசிமணி: பார்த்துக்கொள்ளும். ஐடில் ஜெட் கைவிட்ட பிறகு மெயின் ஜெட் கைகொடுப்பதற்கு முன்னால் ஓர் இடைவெளி வருகிறது, தகராறு அங்கேதான். அதை நிரப்புவதற்காகத்தான் த்ராட்டில் தட்டின் ஓரத்தில் ப்ரொக்ரஷன் ஓட்டைகள் வைத்திருப்பார்கள். 48 ஐடிஏ பந்தயத்துக்கென்று செய்தது. பந்தய வண்டி கால் பங்கு மிதியில் ஊர்ந்து போகப் போவதில்லை என்பதால் அந்த ஓட்டைகளைக் குழலுக்கு இரண்டோடு நிறுத்திவிட்டார்கள். குளிரில் கிளப்புவதற்குச் சோக் கூட அதில் கிடையாது. நீங்கள் சிக்னலில் மெதுவாக மிதித்தால் வண்டி ஒரு விக்கல் விக்கும். பயந்து இன்னும் மிதித்தால் பாய்ந்துவிடும். முன்னால் நிற்பது முட்டை வண்டியாக இருந்தால் என்ன செய்வீர்கள்?

பொன்னுசாமி: மூன்றாவதாக ஓர் ஓட்டை போட்டுக்கொண்டால் அந்த விக்கல் அடங்கிவிடும் என்று நானும் படித்திருக்கிறேன். கோயம்புத்தூரில் கணபதிப் பக்கம் போனால் ஓட்டை போட ஆளா இல்லை?

துளசிமணி: ஆள் இருக்கிறார்கள். ஆனால் அந்த ஓட்டை எந்த இடத்தில், எவ்வளவு அகலத்தில் விழ வேண்டும் என்பதுதான் கேள்வி. சந்தகை அச்சில் ஓட்டை கொஞ்சம் பெரிதாகிப்போனதால், போன தைப் பொங்கலுக்கு நாம் எல்லோரும் முறுக்கு மாதிரி ஒன்றைத் தேங்காய்ப் பால் ஊற்றிச் சாப்பிட்டோமே, மறந்துவிட்டதா?

(பொன்னுசாமி மறக்கவில்லை. அந்த அச்சைத் துளைத்தவர் அவர்தான்.)

பொன்னுசாமி: நீ வீட்டுக்குள்ளேயே யோசிக்கிறாய், அம்மணி. 1991-ஆம் ஆண்டு லே மான் 24 மணி நேரப் பந்தயத்தில் மாஸ்டா 787பி முதலில் வந்ததே, அதிலிருந்ததும் சுழல் எஞ்சின்தானே? அவர்கள் சின்ன வாயை வைத்துக்கொண்டா ஓட்டினார்கள்?

துளசிமணி: சுழல் எஞ்சின்தான், நான்கு ரோட்டர். ஆனால் அதில் கார்புரேட்டரே கிடையாது, பெட்ரோல் இஞ்செக்ஷன்.

பொன்னுசாமி: (இதை இத்தனை நாள் யாரும் தன்னிடம் சொல்லாததற்கு வருந்துகிறவராக) காற்று இழுக்கிற குழல்கள் அதில் நீண்டு நீண்டு சுருங்குமாம்.

துளசிமணி: ஆமாம், எஞ்சின் வேகத்துக்கு ஏற்றபடி குழலின் நீளம் மாறும். (புனலை விரலால் ஒரு தட்டுத் தட்டி, தங்கியிருந்த எண்ணெயை இறக்குகிறார்.) நல்ல குழல் என்றால் அதற்கு ஒரு மரியாதை இருக்கத்தான் செய்கிறது.

பொன்னுசாமி: சரி, வெபர் வேண்டாம். அமெரிக்கக்காரர்களின் ஹோலி இருக்கிறது, 600 சிஎஃப்எம். நிமிடத்துக்கு 600 கன அடி காற்று விடும்.

துளசிமணி: கொஞ்சம் பொறுங்கள். (நூல் கணக்கு நோட்டின் பின் அட்டையில் பென்சிலால் எழுதத் தொடங்குகிறார்.) நம்முடைய 12ஏ, ஓர் அறைக்கு 573 சிசி வீதம் இரண்டு ரோட்டருக்கு 1,146 சிசி. நடுத்தண்டு ஒரு முறை சுற்றும்போது ஒவ்வொரு ரோட்டரும் ஓர் அறை நிறையக் காற்றை இழுக்கும். 7,000 சுற்றுக்குக் கணக்குப் போட்டால் நிமிடத்துக்கு 8,022 லிட்டர். கன அடிக்கு 28.3 லிட்டர் என்று வகுத்தால் ஏறக்குறைய 283. அதுவும் நீங்கள் 7,000 சுற்றில் போகும்போது. பால் சொசைட்டிக்கு 7,000 சுற்றில் நீங்கள் போனதை நான் பார்த்ததில்லை. வாயை அகலப்படுத்தியதற்காகவும், இரண்டே ரோட்டர் என்பதால் காற்று விட்டுவிட்டு இழுபடுவதற்காகவும் தாராளமாகவே கூட்டிப் போட்டாலும், 600 என்பது முந்நூறு பேர் வருகிற சீருக்கு அறுநூறு இலை போடுகிற கதை.

பொன்னுசாமி: 465-லும் ஒன்று இருக்கிறது.

துளசிமணி: அதை நான் மோசம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதற்குக் கார்புரேட்டர் உட்காருகிற இன்டேக் மேனிஃபோல்டையே மாற்ற வேண்டும். பெட்ரோல் அழுத்தமும் 5 முதல் 7 பிஎஸ்ஐ வரை கேட்கும், பம்ப்பையும் பார்க்க வேண்டும். வெபருக்கோ 3, மூன்றரைக்கு மேல் கொடுத்தால் ஊசி வால்வையே தள்ளிக்கொண்டு வழியும். அதற்குத் தனியாக ரெகுலேட்டர். வழிகிற கார்புரேட்டரை மாற்றப் போய், வழிவதற்குப் புதிதாக ஒரு வழி வாங்கி வருவானேன்?

பொன்னுசாமி: படுத்தவாக்கில் உட்காருகிற வெபர் 45 டிசிஓஇ எப்படி? அது தெருவில் சாதுவாக ஓடும் என்கிறார்களே.

துளசிமணி: ஓடும். ஆனால் இந்த எஞ்சினில் காற்று உள்ளே போகிற பக்கமும் புகை வெளியே வருகிற பக்கமும் ஒன்றுதான். மேலே இன்டேக், கீழே எக்ஸாஸ்ட். படுத்த கார்புரேட்டர் அந்தப் புகைக் குழாயின் மேலேயே வந்து நிற்கும். சுழல் எஞ்சினின் புகை சாதாரண எஞ்சினின் புகையைவிடச் சூடு அதிகம். சித்திரை மாதத்தில் சூலூர் வரைக்கும் போய்விட்டு வண்டியை நிழல் இல்லாத இடத்தில் பத்து நிமிடம் நிறுத்தினால், மிதவை அறையில் பெட்ரோல் ரசம் கொதிக்கிற மாதிரி கொதிக்கும். தகடு வைத்துத் தடுக்கலாம்தான், ஆனால் அந்த வெயிலில் தகடு எத்தனை நாள் காப்பாற்றும் என்று பார்க்க வேண்டும்.

பொன்னுசாமி: எல்லாவற்றுக்கும் ஒரு குறை வைத்திருக்கிறாய். அந்தச் சத்தத்தை யோசித்துப் பார்த்தாயா? நிற்கும்போதே ‘பிரப், பிரப்’ என்று அடிக்குமே!

துளசிமணி: அந்தச் சத்தத்துக்கும் கார்புரேட்டருக்கும் சம்பந்தமே இல்லை, மாமா. அது பிரிட்ஜ் போர்ட், அதாவது காற்று வாய்க்குப் பக்கத்திலேயே இன்னொரு வாய் வெட்டிய எஞ்சினின் சத்தம். உள்ளே வருகிற வாயும் வெளியே போகிற வாயும் சிறிது நேரம் சேர்ந்து திறந்திருப்பதால், நிற்கிற வேகத்தில் எஞ்சின் ஒரு சுற்றுப் பற்றி ஒரு சுற்று விட்டுத் தடுமாறுகிறது. நம்முடையது இருக்கிற வாயை மட்டும் அகலப்படுத்திய ஸ்ட்ரீட் போர்ட். அது ஒழுக்கமாக நிற்கும். இன்னொன்றையும் நினைத்துப் பாருங்கள்: பக்கத்துத் தோட்டத்தில் இருப்பது பிராய்லர் பண்ணை. விடியற்காலையில் நீங்கள் பிரப் என்று ஆரம்பித்தால் கோழிகள் மிரண்டு, மூலையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நசுங்கிச் செத்துப்போகும். கார்புரேட்டர் விலையோடு கோழி விலையையும் சேர்த்துத்தான் நோட்டில் எழுத வேண்டியிருக்கும்.

(உண்மையைச் சொன்னால், முழு மிதியில் 48 ஐடிஏ பாடுகிற பாட்டுக்கு ஈடு சொல்வது கடினம். அந்த வகையில் பொன்னுசாமியின் மேல் நமக்கும் கொஞ்சம் பரிவு உண்டு.)

பொன்னுசாமி: செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வேக்குக் கொண்டுபோகிற அன்றைக்கு எனக்கு எவ்வளவு அவமானமாக இருக்கும், தெரியுமா?

துளசிமணி: வருடத்தில் ஒரு நாள் அங்கே போகிறீர்கள். மிச்சம் 364 நாளும் தறிக்கு நூல், சொசைட்டிக்குப் பால், பிள்ளைக்குப் பள்ளிக்கூடம். ஊட்டியில் உங்கள் தங்கை வீட்டுக்கும் இந்த வண்டியில்தான் போகிறோம். 2,240 மீட்டர் உயரத்தில் காற்றே மெலிந்துவிடுவதால் எந்தக் கார்புரேட்டரிலும் பெட்ரோல் விகிதம் கூடித்தான் போகும். விக்கலை மறைப்பதற்காக ஏற்கெனவே பெரிய ஜெட் போட்டு வைத்த 48-ஐ அங்கே ஏற்றினால் பிளக் எல்லாம் நனைந்து, உங்கள் தங்கை வீட்டு அரிசிம்பருப்புச் சாதத்தை இரண்டு வேளைக்குப் பதிலாக இரண்டு வாரம் சாப்பிட நேரும்.

பொன்னுசாமி: ஓர் அனுகூலமாவது சொல்ல விடு. வெபரில் எண்ணெய்க் குழாய் மாட்ட இடமில்லை என்று சிலர் பயப்படுவார்கள். நமக்கு அந்தப் பயமே இல்லை. சீல்களுக்கு எண்ணெய் விடுகிற பம்பைப் பழைய சொந்தக்காரர் அடைத்துவிட்டதால் நாம்தான் பெட்ரோலில் லிட்டருக்கு 8 மில்லி கணக்கில் டூ-டி கலக்கிறோமே.

துளசிமணி: (யோசித்து) அது நியாயமான பேச்சு. இன்றைக்கு நீங்கள் சொன்னதில் அது ஒன்று.

பொன்னுசாமி: அப்படியானால் உன் தீர்ப்புத்தான் என்ன?

துளசிமணி: நிக்கியையே பிரித்துச் சரிசெய்கிறோம். அதில் இருப்பது நான்கு குழல். முதல் இரண்டும் சின்ன வாய். சிக்னல், சந்தை, பள்ளிக்கூடம் எல்லாம் அதிலேயே ஓடும். காற்றின் தேவை கூடியவுடன் வேக்கம் டயாஃப்ரம் என்கிற ரப்பர் சவ்வு தானாகவே மற்ற இரண்டையும் திறந்துவிடும். நான்கு அடுப்பு இருக்கிற வீட்டில் தினமும் இரண்டைப் பற்றவைப்போம், விருந்தாளி வந்தால் நான்கையும் பற்றவைப்போம். நீங்கள் கேட்கிற 48-இல் இருப்பது இரண்டே அடுப்பு, இரண்டும் கல்யாண மண்டபத்து அடுப்பு. அதில் ஒரு தம்ளர் காபி வைக்கச் சொல்கிறீர்கள்.

பொன்னுசாமி: நம் வண்டியில் அந்த இரண்டாவது ஜோடி திறந்து நான் பார்த்ததே இல்லையே?

துளசிமணி: டயாஃப்ரம் கிழிந்திருந்தால் எப்படித் திறக்கும்? நீங்கள் இரண்டு வருடமாகப் பாதிக் கார்புரேட்டரை ஓட்டிக்கொண்டு முழுக் கார்புரேட்டரைத் திட்டுகிறீர்கள். ஊசி வால்வு, மிதவை, ஆக்ஸிலரேட்டர் பம்ப் ரப்பர், அந்த டயாஃப்ரம், எல்லாம் புதிது போட வேண்டும். 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரை ஊறவைத்துக் கெடுத்துவிடும் என்பதால், அதைத் தாங்குகிற ரப்பர்தானா என்று கேட்டு வாங்குங்கள். எத்தனால் கலந்தால் கலவை மெலியவும் செய்யும். மெலிந்தால் எஞ்சின் தட்டும். தட்டினால் அபெக்ஸ் சீல் உடையும். ஆகவே மெயின் ஜெட் ஓர் அளவு கூட்டிப் போட்டு, பிளக்கின் நிறத்தைப் பார்த்துக்கொண்டே வருவோம். த்ராட்டில் தண்டு ஆடுகிறது, அதற்குப் புஷ் அடிக்க மட்டும் கணபதிக்குப் போய் வாருங்கள். ஓட்டை எதுவும் போடச் சொல்லாதீர்கள்.

(நீண்ட மௌனம். பண்ணையில் ஒரு கோழி, தன் உயிர் தப்பியது தெரியாமல், கொக்கரிக்கிறது.)

பொன்னுசாமி: ஒரு பேச்சுக்குத்தான் கேட்கிறேன். யாரோ ஒருவர், நல்ல எண்ணத்தில், ஒரு 48 ஐடிஏவை முன்கூட்டியே வாங்கிவிட்டார் என்று வைத்துக்கொள். அவர் இப்போது என்ன செய்ய வேண்டும்?

துளசிமணி: அந்த யாரோ ஒருவர், முப்பது பெட்டி நூல் வந்த லாரியிலிருந்து முப்பத்தொரு பெட்டி எப்படி இறங்கியது என்பதை முதலில் கணக்கு எழுதுகிறவளிடம் சொல்ல வேண்டும்.

(பொன்னுசாமி பார்வையை வண்டியிலிருந்து திருப்புகிறார். வெயில் திண்ணைக்கு ஏறிவிட்டது. அலுமினியப் புனலின் விரிந்த விளிம்பு, ஊமத்தம்பூவைப் போல வெளிப்பக்கம் மடிந்து மின்னுகிறது. அவர் எழுந்து, இரண்டடி கிட்டே வந்து குனிகிறார்.)

பொன்னுசாமி: அம்மணி, அந்தப் புனல்...

துளசிமணி: நல்ல புனல், மாமா. வாய் விரிந்து, உள்ளே வழவழவென்று இருப்பதால் ஒரு சொட்டுக்கூடத் தங்குவதில்லை.

பொன்னுசாமி: (குரல் கம்ம) இரண்டு இருந்திருக்க வேண்டுமே?

துளசிமணி: இன்னொன்றை அத்தைக்குக் கொடுத்துவிட்டேன். பூஜை அறையில் கவிழ்த்து வைத்து, அதன்மேல் காமாட்சி விளக்கை ஏற்றியிருக்கிறார். எவ்வளவு காற்றடித்தாலும் ஆடவே இல்லையாம்.